கார்டு மெஷின் ரூபாயில் கேட்டால்? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுப் பயணத்தில் பணம் கையாள்வது பற்றி சேலம் மாவட்ட வாசகர்கள் கேட்டவையும், அந்நியச் செலாவணித் துறையில் இருப்பவர்கள் தந்த பதில்களும்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நானும் வீட்டுக்காரரும் திருச்சி வழியாகப் போகிறோம். பணத்தை சேலத்திலேயே மாற்றுவதா, ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்வதா?
– வாசகி, அம்மாபேட்டை

சேலத்திலேயே மாற்றிவிடுங்கள். ஏர்போர்ட் கவுன்டரில் ரேட் பொதுவாக மோசம். நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்க அங்கே வழியில்லை. உங்கள் வங்கியிலோ ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மாற்றுநரிடமோ, பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்தே வாங்கலாம். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்குள் என்றால் ரொக்கம் தரலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும்.

“இன்னைக்கு ரேட் என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். “500 சிங்கப்பூர் டாலர் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய் கட்டணும்?” என்று இரண்டு இடத்தில் கேளுங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் ஜிஎஸ்டி 180 ரூபாய்தான். “வரி” என்று அதற்கு மேல் கேட்டால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நோட்டாக ஒருவருக்கு ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். மகன் வீட்டில் தங்குபவர்களுக்கு அவ்வளவு எதற்கு? தேக்கா மார்க்கெட்டுக்கும் ஹாக்கர் சென்டர் (சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த கூடம்) சாப்பாட்டுக்கும் கொஞ்சம் நோட்டு, மற்றதற்கு கார்டு.

கோலாலம்பூர் ஓட்டலில் டெபிட் கார்டு கொடுத்தேன். மெஷினில் ரூபாய், ரிங்கிட் (மலேசியப் பணம்) இரண்டும் வந்தன. கணக்குப் புரியட்டும் என்று ரூபாயைத் தொட்டேன். வங்கியில் கழிந்தது மெஷின் காட்டிய தொகையையும்விட அதிகம். ஏன்?
– வாசகர், ஏற்காடு

நிறையப் பேர் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். ரூபாயைத் தொட்டதும், மாற்று ரேட்டை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல. அந்த மெஷினை வைத்திருக்கும் வங்கியும் அதன் ஏஜென்டும். தங்கள் லாபத்தை அந்த ரேட்டிலேயே ஏற்றிவிடுவார்கள். பில் ரூபாயில் இருந்தாலும் பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்ததால், சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணமும் பிடிக்கின்றன. உங்களுக்கு அதிகமாகக் கழிந்தது அதனால்தான்.

ரிங்கிட்டைத் தொட்டிருந்தால் கார்டு நிறுவனத்தின் ரேட்டும் உங்கள் வங்கியின் மார்க்கப்பும் (ரேட்டுக்கு மேல் வங்கி பிடிக்கும் கட்டணம்) மட்டும்தான். பல கார்டுகளில் மார்க்கப் 3.5%, ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13%. அதாவது 50,000 ரூபாய் செலவுக்கு 2,065 ரூபாய். 2% மார்க்கப் உள்ள கார்டு என்றால் 1,180. கிளம்புமுன் உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.

சில கடைகளில் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுகிறார்கள். ஸ்லிப்பில் ‘ஐஎன்ஆர்’ (INR, அதாவது இந்திய ரூபாய்) என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதை ரத்து செய்து ரிங்கிட்டில் மறுபடி போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு வாதாடிப் பெரிய பலன் இருக்காது.

ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) என்றால், போகும் நாட்டின் பணத்தையே ஏற்ற வேண்டும். டாலரை ஏற்றி ரிங்கிட்டில் செலவழித்தால் அதற்கும் மாற்றுக் கட்டணம் உண்டு. ரிங்கிட் எல்லா ஃபாரெக்ஸ் கார்டிலும் இருக்காது, விசாரித்து வாங்குங்கள்.

இன்னொன்று: 2020 முதல் புதிய கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாடு மூடிய நிலையில்தான் வருகின்றன. வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வரும் சிம்மில் ரோமிங் இருக்கட்டும்.

வெள்ளி வியாபாரமாக பாங்காக் போகிறேன். ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டால் போதுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அங்கே வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவை பணம் எடுக்கும்போதும் பாட்டில் (தாய்லாந்துப் பணம்) ஒரு கட்டணம் உண்டு. 1,000 பாட் எடுத்தாலும் 10,000 எடுத்தாலும் அதேதான். அதனால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். ஏடிஎம் திரையிலும் ரூபாய்க் கணக்கு காட்டிச் சம்மதம் கேட்கும். மறுத்துவிடுங்கள், அப்போதும் பணம் வரும். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போடவே வேண்டாம்: எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும், தனிக் கட்டணம் வேறு. ஆனால் ஓட்டல் டெபாசிட்டுக்கு அதுதான் சரி. டெபிட் கார்டு கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் கணக்கில் சில நாள் முடங்கிக் கிடக்கும்.

இலங்கையில் யுபிஐ செல்லுமா?
– வாசகர், ஆத்தூர்

2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டைத் தனியே இயக்க வேண்டும். போனில் இன்டர்நெட் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. எல்லாக் கடையிலும் செல்லாது. இலங்கை ரூபாய் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

மிச்சமான டாலரை வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

2,000 அமெரிக்க டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும். நாணயங்களை மாற்றுநர்கள் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அங்கேயே டீ குடித்துத் தீர்த்துவிட்டு வாருங்கள்.