பக்கவாதத்துக்குப் பின் தோள்வலி: எண்ணெய் போட்டு இழுத்துவிடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை மட்டும் இன்னும் தொங்குகிறது. ஒரு மாதமாகத் தோளில் கடும் வலி. இரவில் தூக்கமே இல்லை. சர்க்கரை நோய் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார். எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகும் என்று ஊரில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இழுத்துவிட மட்டும் சம்மதிக்காதீர்கள். எண்ணெய் போடலாம். எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம் என்பது கை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையை அதில் பிடித்து நிறுத்துவதில் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும்பங்கு. அவை தளர்ந்துவிட்டால் கையின் எடை மூட்டு உறையையும் நாண்களையும் கீழே இழுத்தபடியே இருக்கும். அப்பாவை உட்காரவைத்து, தோள் முனையில் துருத்தும் எலும்புக்குச் சற்றுக் கீழே தொட்டுப் பாருங்கள். ஒரு விரல் பதியும் பள்ளம் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கையை மேலும் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், விழுந்த கையைப் பிடித்து எழுப்புவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். நிலைப்படியில் கயிறும் கப்பியும் கட்டிக் கையை மேலே இழுக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தால், அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

சித்த மருத்துவத்தில் உடலை இயக்குவதாகச் சொல்லும் பத்து வாயுக்களை, அதாவது தச வாயுக்களை எண்ணுவோம். கைகாலை நீட்டி மடக்கும் வேலை அவற்றில் வியானன் என்ற வாயுவுக்கு உரியது. பக்கவாதத்தில் அது கெடுகிறது. கூடவே கபம் சேர்ந்தால் கை கனத்துத் தொங்கும். வாதமே மேலோங்கினால் இறுகும், குத்தும், அசைத்தாலே உயிர் போகும். தோள் இறுகிப் போவதைக் கும்பவாதம் என்று தனியாகவே சொல்கிறோம். ஆயுர்வேதத்தில் இது அவபாகுகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் எளிதில் வரும் என்பதால் சர்க்கரைக் கட்டுப்பாடும் தோள் வைத்தியத்தில் அடக்கம். தொங்கும் கைக்கும் இறுகிய கைக்கும் ஒரே சிகிச்சையைச் செய்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

உடலைப் பிடித்துவிடும் சித்த வைத்தியமான தொக்கணத்தில் ஒன்பது முறைகள் உண்டு. இழுத்தலும் முறுக்கலும் அவற்றில் இருக்கின்றன என்பதற்காக எல்லோருக்கும் அவற்றைச் செய்வதில்லை. தொங்கும் கைக்கு முழங்கையைத் தலையணையில் தாங்கி வைத்து, உளுந்துத் தைலம் போன்ற ஒன்றை இளஞ்சூடாகத் தடவி மெல்லப் பிடித்துவிட்டால் போதும். இறுகிய தோளுக்கு வாதகேசரி தைலமும் அதன்பின் ஒற்றடமும் நல்ல இதம் தரும். நொச்சி, வாதநாராயணன், புளி இலைகளை ஆமணக்கெண்ணெயில் வதக்கித் துணியில் மூட்டையாகக் கட்டி, பத்து நிமிடம் ஒற்றலாம். மூட்டையின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் இடது கையில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை உள்ளவருக்குத் தோல் வெந்தால் அந்தப் புண் ஆற நாளாகும்.

இவை வலியையும் இறுக்கத்தையும் குறைப்பதற்கு. மூளையில் பாதிக்கப்பட்ட இடத்தை எந்தத் தைலமும் சரிசெய்யாது. பிசியோதெரபியை விட்டுவிட்டு இதைச் செய்ய வேண்டாம். உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தித் தூண்டும் வர்ம சிகிச்சையில் காக்கட்டைக் காலம், சிப்பி வர்மம் போன்ற இடங்களைத் தூண்டுவது உண்டு. எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு வர்மத்தில் ‘மாத்திரை’ என்றே ஓர் அளவு உண்டு; அந்தக் கணக்கை அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை அது. காணொளி பார்த்து வீட்டில் முயலாதீர்கள். உறைதலைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தம் கட்டலாம்.

உள்மருந்து விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பானவன். வாத நோய்க்கான செந்தூரம், பற்பம் எனப்படும் புடமிட்ட பொடிகள் சிலவற்றில் பாதரசமும் பாடாணங்கள் என்னும் நச்சுக் கனிமங்களும் சேரும். சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைச் சமையலில் சேர்ப்பது வேறு. மருந்தாகக் கூடுதல் அளவில் கொடுத்தால் உறைதல் தடுப்பு மாத்திரையோடு சேர்ந்து இரத்தக் கசிவு வரலாம். வாதம் தணிய முதலில் பேதி கொடுப்பது எங்கள் மரபுதான். ஆனாலும் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எடுப்பவருக்கு வீட்டிலேயே விளக்கெண்ணெய் கொடுத்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். புறா இரத்தம் தேய்க்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் பயன் இல்லை.

தூக்கத்துக்கு இன்றிரவே ஒன்று செய்யலாம். மல்லாந்து படுக்கும்போது இடது தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் கீழே தலையணை வைத்து, கை பின்னால் சரியாமல் தாங்குங்கள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடது கையை முன்னால் தலையணை மேல் வையுங்கள். உட்காரும்போது கை மடியிலிருந்து நழுவக் கூடாது. கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தூளியை (sling) அவர் நடக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். நாள் முழுக்கக் கட்டினால் கை மடங்கியே இறுகிவிடும். சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.

புறங்கை வீங்கிப் பளபளத்து, நிறம் மாறி, தொட்டாலே வலித்தால் அது தோளோடு நிற்கும் நோயல்ல. இடப்பக்கம் முழுவதும் எரிந்தால் வலியின் மூலம் மூளையிலேயே இருக்கலாம். இரண்டுக்கும் தைலம் தடவிக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்; தனி மருந்துகள் உண்டு. பேச்சு புதிதாகக் குழறினாலோ வாய் கோணினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

சித்த சிகிச்சைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். பக்கவாதத்துக்குச் சேர்த்திருந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், அண்மையில் எடுத்த சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அறிக்கைகளைக் கையோடு கொண்டு போங்கள்.