ஓப்பன் ஹவுஸ் வைத்தால் கூடுதல் விலை கிடைக்குமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் எங்களுக்குத் தனி வீடு இருக்கிறது. கணவருக்கு டாலஸில் வேலை. அங்கே 1,800 டாலர் வாடகையில் தங்கியிருக்கிறார். வீட்டை விற்றதும் நானும் பிள்ளைகளும் அங்கே போகவேண்டும். 6.5 லட்சம் டாலருக்குப் போகும் என்கிறார் ஏஜென்ட். கமிஷன் 5 சதவீதம். நான்கு வார இறுதிகள் ஓப்பன் ஹவுஸ், அதாவது யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கத் திறந்துவைக்கும் நாள், வைக்கச் சொல்கிறார். “யார் யாரோ பூஜை அறை வரைக்கும் வந்து போவார்களா?” என்று கணவர் கோபப்படுகிறார். கடன் பாக்கி 3.2 லட்சம், வட்டி 3.25 சதவீதம். சொத்து வரி வருடத்துக்கு 13,200. என்ன செய்யலாம்?
– வாசகி, எடிசன்

பதில்: ஒரு வார இறுதிக்குச் சரி சொல்லுங்கள். நான்கு வேண்டாம்.

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், வாங்கிய வீட்டை முதலில் பார்த்தது இணையத்தில்தான். ரியல்டர்கள் (வீட்டுத் தரகர்கள்) சங்கத்தின் வருடாந்திரக் கணக்கெடுப்புகள் இதைத்தான் சொல்கின்றன. விற்பனைப் பலகையையோ ஓப்பன் ஹவுஸ் பலகையையோ பார்த்து வந்து வாங்கியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஞாயிறு மதியம் யார் வருகிறார்கள் என்று பாருங்கள், காரணம் புரியும். சமையலறையை எப்படி மாற்றியிருக்கிறீர்கள் என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். அடுத்த வருடம் தன் வீட்டை விற்க நினைப்பவர் விலை விசாரிக்க வருவார். வங்கியில் கடனுக்கு இன்னும் பேசியே பார்க்காத தம்பதி வருவார்கள். இவர்களெல்லாம் வாசலில் எழுதிவிட்டுப் போகிற பெயரும் போன் நம்பரும் உங்கள் ஏஜென்ட்டுக்குத்தான் அடுத்த வாடிக்கையாளர் பட்டியல். தப்பில்லை, அது அவர் பிழைப்பு. நான்கு வாரம் கேட்பதில் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஒன்று மட்டும் எதற்கு? வியாழக்கிழமை விளம்பரத்தை ஏற்றி, சனி ஞாயிறு வீட்டைத் திறந்துவைத்து, “ஆஃபர் (எந்த விலைக்கு வாங்கத் தயார் என்று) கொடுக்க செவ்வாய் மாலை வரை நேரம்” என்று அறிவித்தால், இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராக வரவேண்டியவர்கள் ஒன்றாக வந்து நிற்பார்கள். ஷூவைக் கழற்றுகிறவர் வாசலில் ஏற்கெனவே ஏழெட்டு ஜோடி கிடப்பதைப் பார்ப்பார். போட்டி இருக்கிறது என்பதை ஏஜென்ட் வாயால் சொல்வதைவிட அந்தக் குவியல் நன்றாகச் சொல்லும். மூன்றாவது வாரமும் அதே பலகை நின்றால், “இன்னுமா விற்கவில்லை? ஏதோ கோளாறு” என்றுதான் தோன்றும். அந்தக் கட்டத்தில் தொடவேண்டியது விலையை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாத வட்டி ஏறக்குறைய 870, சொத்து வரி 1,100, டாலஸ் வாடகை 1,800. காப்பீடு, மின்சாரம் சேர்த்தால் இரட்டைக் குடித்தனத்துக்கு மாதம் 4,000 டாலர் போகிறது. மூன்று மாதம் காத்திருந்தால் 12,000. விலையில் 2 சதவீதம் குறைத்தால் 13,000. காத்திருந்துவிட்டு அதற்கப்புறமும் குறைக்கிறவர்களே அதிகம். இரண்டு வாரத்தில் நல்ல ஆஃபர் வராவிட்டால் யோசிக்காமல் குறையுங்கள்.

இதைவிடப் பெரிய பணம் கமிஷனில் இருக்கிறது. 5 சதவீதம் என்றால் 32,500. பாதி உங்கள் ஏஜென்ட்டுக்கு, பாதி வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு என்பது பழைய வழக்கம். 2024 ஆகஸ்ட் 17 முதல் புதிய விதி வந்திருக்கிறது: ஏஜென்ட்டோடு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் அவரோடு எழுத்து ஒப்பந்தம் போடவேண்டும். தானாக ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறவருக்கு அது தேவையில்லை. ஆக, ஏஜென்ட் இல்லாதவர்கள் வந்து பார்க்க ஓப்பன் ஹவுஸ் ஒரு சுலபமான வழி. அப்படி ஒருவர் வாங்கினால் மிச்சமிருக்கும் 16,250 யாருக்கு? உங்கள் ஏஜென்ட்டோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இரண்டு பாதியும் அவருக்கே போய்விடலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒரே ஏஜென்ட் இருவருக்கும் வேலை பார்க்க நியூஜெர்சியில் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வாங்குபவருக்கும் அவரே ஏஜென்ட் என்றால் உங்களுக்காக முழு மூச்சாகப் பேரம் பேச முடியாது. எனவே கையெழுத்துப் போடும் முன்பே, “வாங்குபவருக்குத் தனி ஏஜென்ட் இல்லையென்றால் மொத்தக் கமிஷன் 3 சதவீதம்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 13,000 டாலர் மிஞ்சும். கமிஷன் விகிதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேசலாம். முகம் சுளிக்கிற ஏஜென்ட் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கணவரின் கவலை நியாயமானதுதான். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்கு உச்சவரம்பு பெரும்பாலும் 1,500 டாலர்தான். இன்றைய தங்கம் விற்கிற விலைக்கு ஒரு ஜோடி வளையலுக்குக்கூடக் காணாது. நகை, வெள்ளி விளக்கு, பாஸ்போர்ட் எல்லாம் வங்கி லாக்கருக்குப் போகட்டும். குளியலறை அலமாரியில் மருந்து மாத்திரைகளை விட்டுவைக்காதீர்கள். வீட்டுக்குள் கேமரா இருந்தால் மைக்கை அணைத்துவிடுங்கள். பேசுகிறவர்களில் ஒருவர்கூடச் சம்மதிக்காத பேச்சைப் பதிவு செய்வது நியூஜெர்சியில் குற்றம். முந்தின நாள் மீன் வறுவலும் வேண்டாம்.

அன்று பிள்ளைகளோடு வெளியே போய்விடுங்கள். வருகிறவர்கள் “ஏன் விற்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். கணவர் டாலஸில் இருக்கிறார் என்பது அவர்கள் காதுக்குப் போனால் அவசரம் தெரிந்துவிடும், ஆஃபர் குறையும். ஏஜென்ட்டிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.