சிப் போட்டால் நாய் எங்கே இருக்கிறது என்று போனில் தெரியுமா?

கேள்வி: சென்னையில் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கப் போகிறோம். "மைக்ரோசிப் போட்டாச்சு, தொலைந்தாலும் போனிலேயே பார்த்துக்கலாம்" என்று சொல்லி, விற்பவர் அதற்குத் தனியாக 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? அடுத்த வருடம் ஜெர்மனிக்குப் போகும் திட்டமும் இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். போனில் பார்க்கலாம் என்பது பொய். மைக்ரோசிப்பில் பேட்டரியும் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் கிடையாது. அரிசி அளவு கண்ணாடிக் குப்பிக்குள் ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த 15 இலக்க எண் திரையில் தெரியும். நாய் ஓடும் இடம் தெரிய வேண்டுமென்றால் கழுத்துப்பட்டையில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அதற்காக சிப் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். பட்டை அறுந்து விழும், திருடுபவன் கழற்றியும் எறிவான். சிப் உடம்பிலேயே இருக்கும். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. மாநகராட்சி முகாம்களில் சிப்பை இலவசமாகவே போட்டார்கள். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே விசாரித்துவிடுங்கள்.

குட்டிக்கு ஏற்கெனவே சிப் இருக்கிறது என்றால், வாங்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப்பைப் போடும் இடம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே என்றாலும், சில சமயம் அது முன்னங்கால் பக்கம் நகர்ந்துவிடும். அதனால் தோள், மார்பு, முன்னங்கால் என்று மெதுவாகத் தேடிப் பார்க்க வேண்டும். திரையில் வரும் எண்ணும் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். எண் வரவில்லையா, காசு கேட்கவே விற்பவருக்கு உரிமை இல்லை.

பலர் கோட்டை விடுவது பதிவில்தான். பதிவேட்டில் அந்த எண்ணோடு விற்றவரின் பெயரும் போன் நம்பரும் இருந்தால், நாய் கிடைத்தாலும் அழைப்பு அவருக்குத்தான் போகும். சிப் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்டு, உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே பாக்கியைக் கொடுங்கள். அப்புறம் போன் நம்பர் மாறும்போதெல்லாம் அங்கேயும் மாற்றுங்கள்.

ஜெர்மனி விஷயத்தில் வரிசை முக்கியம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேச தரத்துக்கு ஒத்த சிப் முதலில், அதன் பிறகே வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இரண்டையும் ஒரே நாளில் போட்டாலும் சரி, சிப்புக்கு முன் போட்ட ஊசி மட்டும் கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு சரியாக வந்தாலும், இந்தியாவிலிருந்து போகும் நாய் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.