பார்வையில்லாதவர்கள் வீட்டுக் கணினியில் ஆடியோ எடிட்டிங் செய்ய முடியுமா? எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அக்கா பையன் பிளஸ் ஒன் படிக்கிறான், பிறவியிலேயே பார்வை இல்லை, குரல் பதிவு செய்து வெட்டி ஒட்டப் பழக ஆசைப்படுகிறான். விசாரிக்கப் போன கணினி வகுப்பில் "திரை தெரியாமல் இதெல்லாம் ஆகாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகுங்க. நான் பல்லடம் பக்கத்துக் கிராமம். எனக்கும் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஒன்பது வருஷமாக என் மனைவி பாடங்களை வாசிக்க, நான் வெட்டிச் சரிசெய்து, பார்வையில்லாத மாணவர்களின் போனுக்கு அனுப்பி வருகிறேன். எல்லாம் வீட்டு டெஸ்க்டாப்பில்தான். மவுஸ் என்று ஒன்று அதில் மாட்டியதே இல்லை.

பார்வை உள்ளவர்கள் திரையில் ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்து வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் அதே இடத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறோம். வெட்டு சரியாக விழுந்ததா என்பதை அவர்களும் கடைசியில் காதால்தான் சோதிக்க வேண்டும். அதனால் பையனுக்கு இது கைக்கு எட்டாத வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதலில் என்விடிஏ போடுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும். தமிழ் உச்சரிப்பு முதலில் கொஞ்சம் முரடாகத் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும். இதுவும் இலவசம், 2000-லிருந்து இருக்கிறது. பதிவு, வெட்டு, ஒட்டு, ஏற்றுமதி எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே முடிக்கலாம். இந்தத் தளத்தில் பலர் ரீப்பர் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளைச் சொல்வார்கள். பல டிராக் வைத்து இசை சேர்ப்பவர்களுக்கு அது மிக நல்ல மென்பொருள். மேலே சொன்ன ஜேம்ஸ் டே தொடங்கிய ஒசாரா என்ற துணை மென்பொருளைப் போட்டால் என்விடிஏவோடு அழகாகப் பேசும். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆனால் குரலை மட்டும் வெட்டி ஒட்டப் பழகுகிற பையனுக்கு முதல் வருஷம் அது வேண்டியதில்லை.

முதல் நாளே தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. கணினியில் இரண்டு குரல் இருக்கும். ஒன்று நீங்கள் பதிவு செய்தது, இன்னொன்று அதைப் பற்றி உங்களிடம் பேசும் என்விடிஏ. இரண்டும் ஒரே ஹெட்போனில் வந்தால் எந்தக் காதாலும் வேலை செய்ய முடியாது. ஒரு சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். ஆடாசிட்டியின் ஒலியை அதில் விடுங்கள். என்விடிஏ அமைப்பில் ஆடியோ பகுதிக்குப் போய் அதன் குரலைக் கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். நான் ஹெட்போனை வலது காதில் மட்டும் போட்டுக்கொள்வேன், என்விடிஏ இடது பக்க மேசையிலிருந்து மெதுவாகப் பேசும். பதிவு செய்யும்போது என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) எஸ் அழுத்தி, பேச்சு நின்றது என்று அதுவே சொல்லும்வரை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மைக்கில் அதன் குரலும் ஏறிவிடும்.

இனி வெட்டுவது. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

போன பொங்கலுக்கு என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), மாடு பூட்டிப் பறி என்ற பெரிய வாளியால் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டின காலத்தைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்தேன். "ஏஞ்சாமி, இதையெல்லாம் புடிச்சு வெச்சு என்ன பண்ணப் போறே" என்று கேட்டுக்கொண்டே நாற்பது நிமிஷம் பேசினார். ஓரிடத்தில் "மாடு பின்னால வரும்போது" என்றவர் இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி "மாடு பின்னால வரும்போது பறி கெணத்துக்குள்ள எறங்கும்" என்று தொடர்ந்தார். முதல் பாதியும் இருமலும் போக வேண்டும்.

ஸ்பேஸ் அழுத்தி ஓடவிட்டேன். முதல் "மாடு" வருவதற்குச் சற்று முன் இடது சதுர அடைப்பு விசை, இரண்டாவது "மாடு"வுக்கு முன் வலது சதுர அடைப்பு விசை. நடுவில் இருப்பது தேர்வாகிவிட்டது. விரல் எப்போதும் காதுக்குச் சற்றுப் பிந்தித்தான் விழும், அதனால் முனைகள் நகர்ந்திருக்கும். ஓட்டத்தை நிறுத்திவிட்டு சி விசையை அழுத்தினால், தேர்வுக்கு முன்னால் 2 நொடி, அதைத் தாண்டி 1 நொடி சேர்ந்து ஒலிக்கும். வெட்டுவதற்கு முன்பே வெட்டினது எப்படி இருக்கும் என்று கேட்டுவிடலாம். எனக்கு இதைவிட உதவிய விசை வேறில்லை.

முனையை நகர்த்த ஷிப்ட்டும் அம்பு விசையும்: இடது அம்பு இடது முனையை வெளியே தள்ளும், வலது அம்பு வலது முனையை. கூடவே கன்ட்ரோலும் சேர்த்தால் முனைகள் உள்ளே சுருங்கும். ஓர் அழுத்தலுக்கு எவ்வளவு நகரும் என்பது ஜூமைப் பொறுத்தது. திரையே தெரியாத நமக்கு ஜூம் எதற்கு என்று நானும் இரண்டு வருஷம் தொடாமலே இருந்தேன். கன்ட்ரோல் 2 அழுத்தி இயல்பு ஜூமுக்கு வந்தால் ஓர் அழுத்தல் ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு நகரும். கன்ட்ரோல் 1 இன்னும் நுணுக்கமாக்கும், கன்ட்ரோல் 3 பெரிய அடியாக்கும்.

எங்கே வெட்டுவது என்பதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வருகிற க, த, ப, அல்லது "பாட்டு", "பக்கம்" என்பது போல இரட்டித்து வருகிற வல்லினம், இவற்றுக்கு முன்னால் வாயில் காற்று அடைபட்டு ஒரு நுண்ணிய மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. உயிரெழுத்தின் நடுவிலோ, ன, ம, ல, ர போன்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதோ வெட்டினால் ஒரு 'டிக்' கேட்கும், அல்லது குரல் குதிக்கும். அம்மிச்சி பேச்சில் "மாடு" மெல்லினத்தில் தொடங்கியதால் முதல் முறை ஒட்டு தெரிந்தது. அப்புறம் சிக்கலே இல்லாத இடம் கிடைத்தது: "மாடு பின்னால" இரண்டு முறையும் வருகிறதே, இரண்டிலும் "பின்னால" என்பதன் பகரத்துக்கு முன்னால் முனைகளை வைத்தேன். முதல் "மாடு", இரண்டாவது "பின்னால". இசட் விசையை அழுத்தினால் முனைகள் அலை சுழியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும். 'டிக்' வராமலிருக்க அதையும் அழுத்தி, டெலிட். மறுபடி கேட்டபோது ஒட்டின இடம் எனக்கே பிடிபடவில்லை.

மூச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பழகின புதிதில் நான் என் மனைவியின் ஒவ்வொரு மூச்சையும் வெட்டினேன். கேட்ட பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர் மூச்சே விடலைங்க சார், எனக்குத்தான் மூச்சு முட்டுது" என்றான். அன்றிலிருந்து மூச்சை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.

இரைச்சல். எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய பாடு. இரண்டு வீடு தள்ளி தறிக்குடோன். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைப்பு உண்டு. வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு துண்டைக் காட்டி முதலில் கற்கவைத்து, பிறகு முழுப் பதிவிலும் ஓட்ட வேண்டும். மின்விசிறி, யூபிஎஸ் ரீங்காரம் போல ஒரே சீராக ஓடும் ஒலியை அது நன்றாகவே துடைக்கும். தறி அப்படி இல்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும் ஒலி. அதை இந்த எஃபெக்டால் எடுக்க முயன்றால் தறிச்சத்தம் பாதி நிற்கும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். பதிவின்போதே தடுப்பதுதான் ஒரே வழி. நாங்கள் உள்ளறையில் மூன்று பக்கமும் கயிறு கட்டி, காடாத் துணியை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டிருக்கிறோம். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்கிறோம். துணி எதிரொலியைத் தின்றுவிடும். வெளிச்சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது, அதற்கு நேரம் பார்ப்பதுதான். கோபிப் பக்கம் உங்களுக்குத் தறி இல்லாவிட்டாலும் மோட்டார், மயில் என்று ஏதாவது இருக்கும். பையனையே ஒரு நாள் முழுக்க வீட்டின் சத்தங்களைக் கவனித்து அமைதியான நேரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

குரல் மட்டம் சரியா என்று மீட்டரைப் பார்க்காமல் அறிய ஒரு வழி. ஒரு நிமிஷம் பதிவு செய்து, கன்ட்ரோல் ஏ அழுத்தி, எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை திறங்கள். அதில் தானாகவே ஓர் எண் நிரம்பியிருக்கும், என்விடிஏ அதைப் படிக்கும். 6 என்றால் உச்சம் -6 டெசிபல், நல்லது. 0 என்றால் குரல் கூரையில் முட்டிவிட்டது, மைக்கைக் குறைக்க வேண்டும். 20-க்கு மேல் என்றால் மைக் வெகு தொலைவில் இருக்கிறது. எண்ணைக் கேட்டதும் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

வாசிக்கும்போது தவறினால் முழுப் பத்தியையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. நிறுத்தி, தவறுக்கு முன்னால் கர்சரை வைத்து ஷிப்ட் டி. அதற்கு முந்தைய 5 நொடியை ஓட்டிக்காட்டிவிட்டு அங்கிருந்தே பதிவைத் தொடரும். என் மனைவி பாடம் வாசிப்பது இப்போது முழுக்க இப்படித்தான்.

முடிந்ததும் லவுட்னஸ் நார்மலைசேஷன், அதாவது முழுப் பதிவின் சத்தத்தையும் ஒரு குறித்த அளவுக்குக் கொண்டுவருவது. ஆடாசிட்டி தானாக வைக்கும் -23 என்ற அளவு போன் ஸ்பீக்கரில் சன்னமாகக் கேட்கும், நான் -16 வைக்கிறேன். பிறகு மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ். அரை மணி நேரப் பாடம் 14 எம்பி சொச்சம்தான் வரும், வாட்ஸாப்பில் தாராளமாகப் போகும். வெளியிலிருந்து இறக்குகிற ப்ளக்-இன்கள் பலவற்றின் திரையை என்விடிஏ படிக்காது என்பதால் அவற்றின் பக்கம் இப்போது போக வேண்டாம்.

பையனுக்கு முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்: ஸ்பேஸ், இரண்டு சதுர அடைப்பு, சி, டெலிட், செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லிப் பதிவு செய்யட்டும். மூலத்தை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரே ஒரு இருமலை யாருக்கும் தெரியாதபடி எடுக்கட்டும். எடுத்ததும் அவனிடமே கொடுத்து எனக்குக் கருத்தில் எழுதச் சொல்லுங்கள், எந்த எழுத்துக்கு முன்னால் வெட்டினான் என்று.