ஃபாரஸ்டர் கணவாயும் ஒரு ஜூன் காலையும்: கேட்டவர்களுக்குப் பதில்

மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை சுமார் 4,265 கி.மீ. அதில் மிக உயரமான இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் இருக்கும் ஃபாரஸ்டர் கணவாய், 4,009 மீட்டர். ஜூன் தொடக்கத்தில், பனி நிறையக் கிடக்கும்போது அதைத் தனியாகத் தாண்டினேன் என்றதும் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். வந்த வரிசையில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ராத்திரி மூன்று மணிக்கே கிளம்பினீர்களாமே, ஏன்?

பனிக்காகத்தான். இரவுக் குளிரில் அது இறுகிக் கிடக்கும், மேலே நடந்து போய்விடலாம். வெயில் ஏறி பத்து, பதினொரு மணி ஆனால் கஞ்சி மாதிரி இளகிவிடும், அடிக்கு அடி தொடை வரை புதையும், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. டிண்டால் ஓடைப் பக்கம் கூடாரம் போட்டிருந்தேன். அங்கிருந்து கணவாய் ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் எழுநூறு மீட்டர். கீழே தூரத்தைக் கணக்குப் பார்ப்போம், அங்கே மணியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: உச்சிக்குக் கீழே ஒரு பனிச்சரிவு இருக்கிறதே, பயமாக இல்லையா?

இருந்தது. குறுக்கே கடக்கும் தூரம் ரொம்பக் குறைவு, ஆனால் வழுக்கினால் நிற்க இடமில்லை. பனிக்கோடரியை மலைப்பக்கக் கையில் பிடித்து, ஊன்றி, ஒரு அடி, மறுபடி ஊன்றி ஒரு அடி. சறுக்கினால் உடனே குப்புறப் புரண்டு கோடரியின் மூக்கைப் பனியில் குத்தி உடம்பு எடையை அதன் மேல் போட வேண்டும். இதைச் சின்னச் சரிவில் இருபது முப்பது தடவை பழகாமல் கோடரியைப் பையில் மாட்டிக்கொண்டு போவது சும்மா அலங்காரம். மறுபக்கம் உட்கார்ந்து சறுக்கி இறங்கலாம், ஜாலியாக இருக்கும், ஆனால் பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டிய முள்சங்கிலியை முதலில் கழற்றுங்கள். முள் பனியில் சிக்கினால் கணுக்கால் போச்சு.

கேள்வி: முன்னால் போனவர்களின் காலடித் தடம் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்தின நாள் ஒரு தடத்தை அரை மணி நேரம் நம்பிப் போனால், அது யாரோ கூடாரம் போட்ட இடத்தில் போய் நின்றது. அவர் தூங்கப் போயிருக்கிறார், நான் கனடாவுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: சாப்பாடு?

கரடி திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் வைக்க வேண்டும். கடலை மிட்டாய் கொண்டுபோனேன், குளிரில் கல்லாகிப் பல்லைப் பதம் பார்த்தது.

கேள்வி: ஓடைகளை எப்படித் தனியாகக் கடப்பது?

காலையில். பகல் வெயிலில் உருகிய பனியெல்லாம் சாயங்காலம் ஓடைக்கு வந்துவிடும், முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிடும். இறங்குவதற்கு முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டியை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். சந்தேகமாக இருந்தால் கரையிலேயே படுத்துவிட்டு விடியலில் பாருங்கள். நான் ஒரு தடவை அப்படித்தான் செய்தேன், அரை நாள் போனது, போகட்டும்.

கேள்வி: தண்ணீர் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் வைத்துப் படுப்பதாகச் சொன்னீர்களே, வேடிக்கைக்கா?

நிஜம்தான். உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் ஈரத்தோடு உறைந்தால் விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். அதனால் வடிகட்டி, போன், மறுநாள் காலுறை எல்லாம் என்னோடுதான் தூங்கும். பாதி ராத்திரியில் புரண்டு படுத்தால் வடிகட்டி விலாவில் குத்தும்.