பூ கட்டிப் பார்த்தேன், இருந்தும் மனசு ஒப்பவில்லை

கேள்வி: காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறேன். கூட்டாகச் சின்ன யானை வண்டி வாங்கலாம் என்கிறார் கொழுந்தனார். அதற்கு என் நகையை அடகு வைக்க வேண்டும். திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் பூ கட்டிப் பார்த்தேன். நினைத்தபடி வெள்ளைப் பூதான் வந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, வண்டி வாங்கலாமா என்று மட்டும்தானே அம்மனிடம் கேட்டீர்கள்? ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் என்று கேட்டீர்களா? அதைக் கொழுந்தனாரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் நகை, அவர் பெயரில் வண்டி என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஃபைபர் படகு மீன் வரும்; கொஞ்சமாக வரும், விலையும் ஏறும். அடகுக் கடை வட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. அந்த இரண்டு மாத வட்டியைக் கையிலிருந்து கட்ட முடியுமா என்று இப்போதே எழுதிப் பாருங்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு, என் மனைவி வேண்டாம் என்று சொல்லியும், அவள் வளையலை அடகு வைத்துச் சரக்கு இறக்கினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எம்.சி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். பாதிச் சரக்கு பொங்கல் வரை கிடந்தது. வளையலை மீட்க மூன்று வருஷம். (அவள் இன்றும் சொல்லிக்காட்டுவாள்.)

சரி, ஒரு மாதம் வாடகை வண்டி ஓட்டிப் பாருங்கள். டீசல், ஐஸ், வாடகை போக என்ன மிஞ்சுகிறது என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.