பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தம்பி

அம்மாபேட்டையிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, கூட வேலை செய்கிற ஐந்து பேரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். என்ன சமைக்கலாம், மேசையை எப்படி அலங்கரிக்கலாம், எவ்வளவு செலவாகும்?"

மேசையை விடுங்கள். சுத்தமான தட்டும் தண்ணீரும் இருந்தால் போதும். செலவு உங்கள் கையில். யாருக்கு எது ஆகாது என்று கேட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் அங்கே போனது 2005இல். மறு வருடம் ஆபீஸ் ஆட்களை முதன்முதலாகக் கூப்பிட்டேன். ஒரு பெண் தனக்குச் சீலியாக் நோய், கோதுமை ஆகாது என்று முன்கூட்டியே சொன்னாள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் அவர்கள் உடம்பு தன் குடலையே தாக்கும். எங்கள் ஊர்ச் சாப்பாடு அரிசியும் பருப்பும்தான், நிம்மதியாகச் சாப்பிடு என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். சாம்பார் பிடித்துப்போய் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. விஷயம் தெரிந்த அன்று ராத்திரி சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில்: கோதுமை மாவு.

நாம் வாங்குகிற பெருங்காயத்தில் மாவும் பிசினும் கலந்திருக்கும். கட்டியிலும் பெரும்பாலும் மைதா உண்டு. அரிசி மாவு கலந்தது கிடைத்தால் வாங்குங்கள். இல்லையா, பெருங்காயமே வேண்டாம், பூண்டைத் தட்டிப் போடுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள். சப்பாத்தி சுட்ட கல்லில் அவர்களுக்குத் தோசை ஊற்றாதீர்கள்.

பிரிட்டனில் உணவு விற்பவர்கள் சொல்லியே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. கடுகு, எள், வேர்க்கடலை, முந்திரி, பால் எல்லாம் அதில் அடக்கம். கடுகு இல்லாமல் நமக்குத் தாளிப்பு உண்டா? அதனால்தான் கூப்பிடும்போதே கேட்கச் சொல்கிறேன்.

நம் ஆட்களிலேயே இருபது வருடம் அங்கே இருந்தும் "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று தட்டில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். பதினைந்து வகை செய்து, ஒன்பதரைக்குப் பரிமாறுவதில் ஒரு பெருமை வேறு. ஏழு மணி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஏழே காலுக்குள் வந்து நிற்பார்கள். நான் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஐந்து வகைதான், ஏழரைக்குத் தட்டு வைத்துவிடுவேன்.

மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்கக் குண்டானில் விடாதீர்கள். வெந்த சோற்றிலும் பிழைத்துக் கிடக்கும் கிருமி வெளியே இருக்க இருக்கப் பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறங்கள், புகை அலாரம் அலறும். அதன் பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள்.

இப்போது ஆடிப் பண்டிகைக்குச் சேலம் வந்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சையும் சிவப்புமாய்ச் சட்னி. இந்த வீட்டில் விருந்தாளியிடம் "எது ஆகாது?" என்று கேட்டதே இல்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பதுதான் அம்மாவின் கேள்வி. நானும் அதையே கற்றுக்கொண்டு விமானம் ஏறினேன்.

அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. அன்று ஜவ்வரிசிப் பாயசம் செய்தேன். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவு, குளூட்டன் கிடையாது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து, முந்திரியை விட்டுவிட்டேன். அடுக்களையில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டையும் அவளே வாங்கிப் படித்துப் பார்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள், இரண்டு கிண்ணம் குடித்தாள். இன்றைக்கும் நான் ஊருக்குக் கிளம்பினால் அவள் கேட்பது அதுதான். நாளை மறுநாள் விமானம், இரண்டு கிலோ ஜவ்வரிசி பெட்டிக்குள் போய்விட்டது.